ஒரு வண்டிக்கு இரண்டு நீதியா?

ஒரு தாய் வயிற்றிற் பிறந்த மக்களும் உருவாலும் குணத்தாலும் வேறுபடுதல் இயற்கை. ஆயின் ஒரே வரைபடத்தின்படி, ஒரே தொழிற்சாலையிற் செய்து, ஒரே பெயர் பொறித்து வெளியே அனுப்பப்படும் யந்திரங்களும் தம்முள் வேறுபடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வேற்றுமை எதனால் உண்டாகின்றது, அதனுள் எது தகும், எது தகாது என்பவற்றை நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். மோட்டார் வண்டியைப் பற்றிய பேச்சுக்குக் கல்லூரி மலரில் இடமுண்டோ என்று ஐயுறுவோர் சற்றுப் பொறுத்தருள்வாராக. பேச்சு வண்டியில் தொடங்கினும் மனிதனிடத்திலேயே முடியும்.

சில திங்களுக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் விடுதி மாணவர் இருவர் இருங்காட்டுக்கோட்டையிலுள்ள மோட்டார்ப் பந்தயத் திடலிலிருந்து திரும்பி வந்து, உணவு மண்டபத்தில் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தனர். ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் 1990-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அத்திடலைப் பார்த்து வருவோர்க்கு வாரமொன்றேனும் வேறு பேச்சு இராது. வழக்கின் பொருள் இது: ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் பந்தயப் பாங்கான வண்டிகளுள் ஐரோப்பாவில் விற்கப்படும் வகை சிறந்ததா, அமெரிக்காவில் விற்கப்படும் வகை சிறந்ததா? "ஐரோப்பிய வகையே அசல், அமெரிக்காவுக்குப் போவது பல் பிடுங்கிய பாம்பு" என்றான் ஒருவன். "அமெரிக்கச் சட்டத்துக்கு ஈடுகொடுத்து நிற்கும் வண்டியே வண்டி; மற்றது வெறும் ஆரவாரம்" என்றான் மற்றவன். அவ்வழியே சென்ற என்னை நிறுத்தி, "ஐயா, தாங்களே தீர்ப்புக் கூறவேண்டும்" என்றனர். யான் யந்திர நூல் வல்லவன் அல்லேன். ஆயினும் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நூல்களிற் படித்தும், ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பகுதியில் வேலைபார்க்கும் நம் பழைய மாணவர் சிலரை உசாவியும் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துக் கூறுகின்றேன்.

முதலில் மாணவர் கேட்ட பொருளையே எடுத்துக்கொள்வோம். 1961-இல் ஜெனீவா நகரக் கண்காட்சியில் வெளிவந்த ஜாகுவார் இ-டைப் என்னும் வண்டி, அழகுக்கும் வேகத்துக்கும் உலகெங்கும் பெயர் பெற்றது. அதன் முகவிளக்குகள் வழவழப்பான கண்ணாடி மூடிக்குள் அமைந்திருந்தன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விதிகளை முன்னிட்டு 1967-இல் அம்மூடிகள் நீக்கப்பட்டன. அமெரிக்கக் கூட்டரசின் வண்டிப் பாதுகாப்பு விதிகள் 1968 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. புகையைக் கட்டுப்படுத்தும் விதிகளும் உடன் வந்தன. அதன்பின் ஐரோப்பாவில் மூன்று கார்புரேட்டர்களோடு ஓடிய அவ்வண்டி, அமெரிக்காவுக்குச் செல்லும்போது இரண்டே கார்புரேட்டர்களோடு வலிமை குறைந்து சென்றது. எம்.ஜி.பி. என்னும் சிறு பந்தய வண்டியோ, 1974-இல் பளபளப்பான உலோகப் பம்பரை இழந்து, கரிய ரப்பர்ப் பம்பரை ஏற்று, தரையினின்றும் சற்று உயர்த்தப்பட்டது. இதுவும் அமெரிக்க மோதல் விதியின் பொருட்டே. எனவே "பல் பிடுங்கிய பாம்பு" என்ற மாணவன் கூற்று அக்காலத்துக்கு முற்றிலும் பொய்யன்று.

ஆயின் இவ்வாறு மாற்றியவர் வண்டி செய்தோர் அல்லர், வாங்கியவரும் அல்லர். மாற்றியது சட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வானைப் புகை மூடியபோது அந்நகரத்தார் பொறுத்திருக்கவில்லை. சட்டம் கேட்டனர், பெற்றனர். ஒரு வண்டியின் இரு வகைகளை அருகருகே நிறுத்திப் பார்ப்பவன், உண்மையில் இரண்டு சட்டசபைகளை அருகருகே நிறுத்திப் பார்க்கின்றான். ஒவ்வொரு தேசமும் தன் ஜனங்களின் உடலையும் மூச்சையும் எவ்வளவு பொருட்படுத்துகின்றது என்பது அவ்வண்டியின் இரும்பிலும் கண்ணாடியிலும் எழுதப்பட்டிருக்கின்றது.

எழுதப்பட்டது எல்லாம் ஞானம் என்றும் கொள்ளற்க. அமெரிக்காவில் 1940 முதல் முகவிளக்கு என்றால் குறித்த அளவுள்ள, பிரிக்க இயலாத, மூடிய விளக்காகவே இருத்தல் வேண்டும் என்ற விதி நிலவிற்று. ஐரோப்பாவில் நல்ல விளக்குகள் தோன்றிய பின்னரும் 1983 வரை அவ்விதி அசையவில்லை. எதிரே வருவோர் கண்ணைக் கூசச்செய்யாமல் தானே ஒளியை ஒதுக்கும் நூதன விளக்குகளை ஐரோப்பியர் பல ஆண்டுகள் பயன்படுத்திய பின்னரே, 2022-இல் அமெரிக்கச் சட்டம் அவற்றுக்கு இடங்கொடுத்தது. காப்பதற்காகச் செய்த சட்டமே காலங் கடந்தால் தடையாவதும் உண்டு.

இன்னும் நுட்பமான வேற்றுமை ஒன்று உண்டு. அது நமக்குப் பெரிதும் வேண்டுவது. ஐரோப்பிய முறையில், விற்பனைக்கு வருமுன் வண்டியை அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றோர் சோதித்து அனுமதி தருவர். அமெரிக்க முறையில், வண்டி விதிக்கு உட்பட்டது என்று செய்தோரே உறுதி கூறுவர். அது பொய்யானால் அரசாங்கம் வண்டிகளைத் திரும்பப் பெறச் செய்யும். ஐரோப்பிய மோதற்சோதனையில் வண்டிக்குள் வைக்கும் மனிதப் பொம்மைக்கு இருக்கைப் பட்டை கட்டப்பட்டிருக்கும். அமெரிக்கரோ, பட்டை கட்டாதவர் தம் நாட்டில் பலர் என்பதை உணர்ந்து, பட்டை கட்டாத பொம்மையையும் வைத்துச் சோதித்தல் வேண்டும் என்று விதித்தனர். அதனால் அங்கு ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை மிக்க விசையோடு விரியுமாறு அமைக்கப்பட்டது. 1990-களில் அவ்விசையினாலேயே சிறுவரும் சிற்றுருவினரும் சிலர் உயிரிழக்க, 1998-ஆம் ஆண்டு வகைகளிலிருந்து அது தணிக்கப்பட்டது. பட்டையில்லாத பை தனியே காவலாகாது என்பதை உலகம் இவ்வாறு வருந்திக் கற்றது.

ஐரோப்பியர் வேறொரு திசையிலும் நோக்கினர். வண்டிக்குள் இருப்பவனைப் போலவே, வண்டிக்கு முன்னே தெருவைக் கடப்பவனும் மனிதன்தானே? 2005 முதல், நடந்து செல்வோர்மீது மோதினால் தலையும் காலும் சிதையாதவாறு வண்டியின் முன்முகமும் மேல்மூடியும் அமைதல் வேண்டும் என்று அவர்கள் விதித்தனர். அக்காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய விதி இல்லை. ஆகவே இருவகை வண்டிகளுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஒன்று பட்டை கட்டாதவனை நினைந்தது. மற்றொன்று தெருவில் நடப்பவனை நினைந்தது. இரண்டும் யாரோ ஒரு மனிதனை நினைந்தே வேறுபட்டன என்பதே முக்கியம்.

இனி, நம் வாயிலுக்கு அண்மையிலுள்ள தொழில் நிலத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும், ஒரு தலைமுறைக்குமுன் ஏரியும் வயலுமாய் இருந்த நிலத்தில், இன்று தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. பந்தயப் பாங்கான கார் இங்கே பிறப்பதில்லை. பந்தயப் பாங்கான மோட்டார் சைக்கிள் பிறக்கின்றது. ராயல் என்பீல்டு நிறுவனம் 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் தன் ஆலைகளைத் தொடங்கிற்று. 2018-இல் கான்டினென்டல் ஜிடி 650, இன்டர்செப்டர் 650 என்னும் இரட்டை உருளை வண்டிகளை வெளியிட்டது. ஐரோப்பாவில் இன்டர்செப்டர் என்று விற்கப்படும் வண்டி, அமெரிக்காவில் ஐஎன்டி 650 என்னும் பெயரில் உலவுகின்றது. இன்டர்செப்டர் என்னும் பெயர் அங்கே ஹோண்டா நிறுவனத்தின் உரிமையாயிருந்தமையே காரணம். அமெரிக்கா செல்லும் வண்டியில் வேகமானி மைல் கணக்கிற் காட்டும். பக்கவாட்டில் ஒளியெறி வில்லைகள் சட்டப்படி இருத்தல் வேண்டும். இவற்றில் யார்க்கும் தீங்கில்லை. அந்தந்த நாட்டின் வழக்குக்கேற்ப மேற்சட்டையை மாற்றுவது போன்றது இது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். தடையமைப்போ, 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு ஐரோப்பாவில் 2016 முதலும், இந்தியாவில் 2018 ஏப்ரல் முதலும் புதிய வகைகளுக்குக் கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அத்தகைய கட்டளை இல்லை. இவ்வொன்றில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்துக்கு முன்னே நிற்கின்றது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் அந்த இரு மாணவரும் தம் வழக்கில் மறந்த மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது நம் வகை. இந்தியாவில் விற்கப்படும் வகை. அதன் வரலாறு பெருமைக்குரியதாய் இருந்ததில்லை.

ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நிறுவி 1998-இல் முதல் வண்டியை வெளியிட்டது. 2007-இல் ஐ10 என்னும் சிறு வண்டி அங்கே பிறந்தது. அங்கிருந்தே கப்பலேறி ஐரோப்பாவுக்கும் சென்றது. 2008-இல் ஐரோப்பியச் சோதனை மன்றமாகிய யூரோ என்கேப், காற்றுப்பைகளோடு கூடிய அவ்வண்டியை மோதிப் பார்த்து, பெரியோர் பாதுகாப்புக்கு நான்கு விண்மீன் வழங்கிற்று. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் மிகுதியாய் விற்கும் சிறு வண்டிகள் சிலவற்றின் காற்றுப்பை இல்லாத குறைந்த விலை வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. மாருதி ஆல்ட்டோ, டாட்டா நானோ, போர்டு பிகோ, ஹூண்டாய் ஐ10, வோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு விண்மீனும் பெறவில்லை. இரு சோதனைகளின் முறையும் ஆண்டும் வேறு. ஆதலின் நான்கையும் சுன்னத்தையும் அப்படியே கழித்துப் பார்த்தல் கூடாது. ஆயினும் ஒரே ஊரில் பிறந்த ஒரே பெயருடைய வண்டி, கடல் கடந்தபோது காவலோடும், உள்ளூரில் நின்றபோது காவலின்றியும் இருந்தது என்பது மறுக்கவொண்ணாத செய்தி.

ஒரகடத்தின் கதையும் இதுவே. 2010-இல் அங்கே ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டே அங்குச் செய்யப்பட்ட நிசான் மைக்ரா ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. ஐரோப்பியச் சோதனையில் நான்கு விண்மீனும் பெற்றது. 2014-இல் அதே வாயிலினின்று உள்நாட்டுக்கென்று வந்த டாட்சன் கோ என்னும் வண்டி, அவ்வாண்டு நவம்பரில் வெளியான சோதனை முடிவில் சுன்னம் பெற்றது. அதன் உடலமே நொறுங்கியமையால் காற்றுப்பை வைத்தும் பயனில்லை என்று சோதித்தோர் கூறினர். 2016-இல் ரெனோ குவிட் வண்டியும் முதற்சோதனையில் சுன்னம் பெற்றது. அதே பெயருடைய வண்டி தென்னமெரிக்காவிலுள்ள பிரேசிலில் செய்யப்பட்டபோது உடலம் வலுப்படுத்தப்பட்டு, நான்கு காற்றுப்பைகளோடு வந்து, 2017-இல் அக்கண்டத்துச் சோதனையில் மூன்று விண்மீன் பெற்றது. ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைத்தல் என்று நம் பாட்டிமார் சொல்வது இதனைத்தான்.

இவை எண்கள். எண்களுக்குப் பின்னால் மனிதர் உளர். நம் பழைய மாணவர் ஒருவர், ஏறத்தாழ 2012-ஆம் ஆண்டளவில், இப்பகுதியில் வண்டி உறுப்புக்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் பணியாற்றினார். அவருக்கும் ஆலைக்கும் பெயர் கூறவேண்டுவதில்லை. அவர் கைக்கு வந்தவை ஸ்டீயரிங் சக்கரங்கள். ஒரு தட்டில் வருபவற்றின் நடுவே காற்றுப்பை பொருத்தவேண்டும், அவை கப்பலுக்கு. மற்றொரு தட்டில் வருபவற்றின் நடுவே வெறும் மூடி பொருத்தவேண்டும், அவை ஊருக்கு. சென்ற ஆண்டு அவர் என்னைக் காணவந்தபோது கூறிய சொற்கள் இன்னும் என் செவியில் நிற்கின்றன. "ஐயா, இரண்டையும் பொருத்தியவை இதே கைகள்தாம். அன்று தவணை கட்டி நான் ஒரு வண்டி வாங்கினேன். மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும்போது கண்ணெதிரே இருந்தது அந்த வெறும் மூடிதான். நான் செய்த நல்லது எனக்கு இல்லை." இதனை அவர் சினத்தோடு கூறவில்லை, நாணத்தோடு கூறினார். நாணவேண்டியவர் அவர் அல்லர் என்று அவர்க்குச் சொன்னேன்.

இனி, மறுதரப்பார் கூற்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். முதலாவது, அவ்வண்டிகள் சட்டத்தை மீறியன அல்ல என்பர். மெய்யே. அக்காலத்து இந்தியச் சட்டம் இத்தகைய மோதற்சோதனையைக் கேட்கவேயில்லை. ஆனால் சட்டம் கேளாததனைச் செய்யாதிருத்தல் குற்றமன்று எனினும் பெருமையும் அன்று. செய்முறை அறியாதவன் செய்யாது விட்டால் அது அறியாமை; செய்முறை அறிந்து, அதே கூரையின்கீழ் ஒருவர்க்குச் செய்து, மற்றொருவர்க்குச் செய்யாது விட்டால் அதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாவது வாதம் விலையைப் பற்றியது. இதுவே வலிமை மிக்கது. தாய், தந்தை, இரு குழந்தைகள் ஆக நால்வர் ஒரே மோட்டார் சைக்கிளில் செல்லும் நாடு இது. அவர்களுக்கு எளிய விலையில் நான்கு சக்கரமும் கூரையும் கிடைப்பதே முன்னேற்றம். காவலின் பெயரால் விலையை ஏற்றினால் அவர்கள் மீண்டும் இருசக்கரத்துக்கே தள்ளப்படுவர் என்பர். இதனை எள்ளி ஒதுக்கலாகாது. ஆயின் இரண்டு மறுமொழிகள் உள. பிரேசிலும் செல்வத்தில் மிதக்கும் தேசம் அன்று. அங்கும் சிறு வண்டி வாங்குவோர் காசை எண்ணிப் பார்ப்பவரே. அவர்க்கு இயன்றது நமக்கு இயலாமற் போவதேன்? மேலும், வாங்குவோன் விலை, நிறம், இருக்கை, இசைப்பெட்டி ஆகியவற்றைக் கண்ணாற் கண்டு தேர்ந்துகொள்ளலாம். கதவுக்குள் மறைந்திருக்கும் இரும்பின் வலிமையை எங்ஙனம் காண்பான்? காணாததனை ஒருவன் விரும்பி விட்டுக்கொடுத்தான் என்று கூறுதல் நியாயமன்று.

மூன்றாவது, நம் சாலைகளில் வேகம் குறைவு, ஐரோப்பியக் காவல் இங்கு மிகை என்பர். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பெருஞ்சாலை அத்தொழிற்சாலைகளின் வாயிலை ஒட்டியே செல்கின்றது. அதில் ஒரு முறை சென்றவர் இவ்வாதத்தை மறுமுறை கூறார். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவ்வாண்டு விபத்துக்களின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு, 64,000-க்கு மேற்பட்டவை. முதலிடம் பெறத்தகாத ஒன்றில் நாம் முதலிடம் பெற்றோம்.

அங்ஙனமாயின் நிலைமை மாறவே இல்லையோ எனின், மாறிற்று. அதுவே நம்பிக்கைக்கு இடம். 2014 சோதனைக்குப்பின் வோக்ஸ்வாகன் நிறுவனம் காற்றுப்பையில்லாப் போலோவை விற்பனையினின்றும் நீக்கிற்று. 2017 அக்டோபர் முதல் புதிய வகைகளுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லா வகைகளுக்கும் முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் இந்தியாவிற் கட்டாயமாயின. ஓட்டுநர்க்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயம். முன்னிருக்கையில் அமர்வோர்க்கு, 2021 இறுதிக்குள் எல்லாப் புதிய வண்டிகளிலும் கட்டாயம். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு விண்மீன் முறையும் நடைபெறுகின்றது. இவற்றின் பயன் விரைவிற் புலப்பட்டது. சுன்னம் பெற்ற அதே ஒரகடத்தில் பிறந்த நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் 2022-இல் நான்கு விண்மீன் பெற்றன. இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஹூண்டாய் வெர்னா 2023-இல் ஐந்து பெற்றது. அந்நிறுவனம் அவ்வாண்டே தன் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளைப் பொதுவாக்கியது. ஆறும் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாதிருக்கவே அதனைச் செய்தது. கைகள் அவையே, யந்திரங்களும் அவற்றை ஒத்தனவே. மாறியவை சட்டமும், வாங்குவோர் அறிவும், அவ்வறிவுக்கு அஞ்சிய வணிகமும் ஆம்.

புகை விஷயத்தில் இதனை முன்னரே கண்டோம். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குப் புகை தூய்மை செய்யும் கருவி விதிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நாடு முழுதும் நான்காம் படியினின்று ஐந்தாம் படியைத் தாண்டி ஆறாம் படிக்குச் சென்றது. இயலாது என்றவர் பலர்; இயன்றது. நுரையீரலுக்கு ஐரோப்பிய அளவு தகும் எனின், விலா எலும்புக்கும் தகும்.

இன்னும் செய்யவேண்டுவன உள. சட்டம் புதிய வண்டிக்கே பொருந்தும். பழைய வண்டியைத் திருத்தாது. அக்காலத்து விற்ற காவலற்ற வண்டிகள் கைம்மாறிக் கைம்மாறி இன்றும் ஓடுகின்றன. எளிய குடும்பத்தார் முதன்முதல் வாங்குவதும் பெரும்பாலும் அவற்றையே. பழைய வண்டி வாங்கும் நம் மாணவர் வீட்டார், அது எவ்வாண்டினது, காற்றுப்பை உண்டா, பட்டைகள் பழுதின்றி உளவா என்று கேட்டு வாங்குவாராக. பின்னிருக்கையில் அமர்வோரும் பட்டை கட்டுவாராக. மேலும், 2022-இல் நம் சாலைகளில் மாண்டோருள் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளிற் சென்றோர். 19-க்கு மேற்பட்டோர் நடந்து சென்றோர். விண்மீன்கள் பெரிதும் வண்டிக்குள் இருப்போரையே எண்ணுகின்றன. நடப்போர் காவலுக்கு நம் நாட்டிலும் 2018 முதல் படிப்படியாக விதி வந்தது எனினும், அதனைக் கேட்டு வாங்குவோர் எத்துணைப் பேர்? ஐரோப்பியர் தெருவைக் கடப்பவனை நினைந்து வண்டியின் முகத்தை மாற்றினர் என்பதை, அவர்களைவிட மிகுதியாய் நடக்கும் நாம் மறத்தலாகாது.

நம் மாணவருட் பலர் நாளை அந்தச் சாலையிலுள்ள ஆலைகளுக்கே செல்வர். சிலர் வரைபடம் எழுதுவர், சிலர் கணக்கெழுதுவர், சிலர் சோதிப்பர். ஒரகடத்திலேயே மத்திய அரசின் முயற்சியால் அமைந்த வாகன ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே மோதற்சோதனைக் கூடமும் உண்டு. ஒரு வண்டி நம்மைக் காக்குமா என்பதை அறியப் பிற தேசத்தாரை நோக்கியிருக்க வேண்டிய காலம் கழிந்தது. அம்மேசைகளில் அமரப்போகும் இளைஞர்க்கு யான் ஓர் எளிய அளவுகோலைத் தருகின்றேன். வண்டி எந்நாட்டுக்குச் செல்கின்றதோ அந்நாட்டின் சாலைக்கும் தட்பவெப்பத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாறுமாயின், அவ்வேற்றுமை தகும். அந்நாட்டு மனிதனின் உயிரை மலிவென்று கருதி மாறுமாயின், அது தகாது. வரைபடத்தில் ஓர் உறுப்பை நீக்கும் போதெல்லாம், "இதனை நீக்குவது சாலையின் பொருட்டா, மனிதனின் விலையின் பொருட்டா?" என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக. மேலதிகாரி கேட்கும்வரை காத்திராமல், கேட்கத்தகுந்த இடத்தில் வாய் திறப்பாராக.

ஸ்ரீபெரும்புதூர், தொழிற்சாலைகள் வருதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்றது. ஒருவர்க்கு மட்டும் உபதேசித்த மறைபொருளை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி எல்லார்க்கும் உரைத்தார் என்பது வழிவழி வந்த கதை. எம்மதத்தினராயினும் அக்கதையின் அறம் விளங்கும். நன்மை தருவது என்று தெரிந்த ஒன்றைச் சிலர்க்குக் கொடுத்துப் பலர்க்கு மறைத்தல் அவ்வூர் மண்ணுக்கு அழகன்று.

விடுதி மாணவர் இருவர்க்கும் யான் கூறிய தீர்ப்பு இதுவே: "தம்பிமீர், ஐரோப்பிய வகையா, அமெரிக்க வகையா என்று வாதாடுதல் இன்பமான பொழுதுபோக்கு, விடாது செய்யுங்கள். ஆனால் உங்கள் தந்தையார் ஓட்டும் வண்டி எவ்வகையினது என்று ஒருமுறை சென்று பாருங்கள்." மறுவாரம் அவர்களுள் ஒருவன் என் அறைக்கு வந்தான். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது, தந்தையாரின் பழைய வண்டியிற் பின்னிருக்கைப் பட்டைகள் இருக்கைக்கு அடியில் மடிந்து தூசி படிந்து கிடக்கக் கண்டானாம். அவற்றை வெளியே இழுத்துத் துடைத்து, தன் தங்கைக்குக் கட்டக் கற்பித்துவிட்டு வந்தேன் என்றான்.